உரத்துக்குப் பெயர் தந்த ஊர்

மட்கு உரம் தயாரிக்கும் முறை ஒன்றுக்கு உலகம் இந்தூரின் பெயரைச் சூட்டியது. அந்தப் பாடத்தை இந்தூரே மறுபடி படிக்க 80 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. கடைசிப் பக்கம் இன்னும் பாக்கி.

இந்தூரில் பொழுது விடிவது பாட்டோடு. மாநகராட்சியின் குப்பை வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, ஊரின் சுத்தத்தைப் புகழும் இந்திப் பாட்டு ஒலிபெருக்கியில் முன்னால் வந்துவிடுகிறது. கதவுகள் திறக்கின்றன. ஆளுக்கொரு வாளியோடு வாசலுக்கு வருகிறார்கள். வண்டிக்குள் தனித்தனி அறைகள். காய்கறித் தோலும் மிச்ச ரொட்டியும் ஒன்றில். காகிதமும் அட்டையும் இன்னொன்றில். பிளாஸ்டிக், நாப்கின், காலாவதியான மருந்து, பழுதான மின்சாமான் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக்கொண்டு வருபவருக்கு இங்கே மரியாதை கிடையாது. பிரித்துக் கொண்டு வரச் சொல்வார்கள். மீண்டும் மீண்டும் செய்தால் அபராதம்.

இது சாப்பாட்டு ராமன்களின் ஊர். காலையில் அவலைத் தாளித்துச் செய்யும் போஹா, கூடவே சூடான ஜிலேபி. மாலையில் 'சப்பன் துகான்' என்ற 56 கடைகளின் வரிசை. ராஜ்வாடா அரண்மனைக்கு அருகிலுள்ள சராஃபா கடைவீதியில் பகலெல்லாம் நகை வியாபாரம். நகைக்கடைகள் கதவைச் சாத்திய பிறகு அதே வாசல்களில் அடுப்பு மூட்டி, நள்ளிரவு தாண்டியும் விற்பனை. தின்று தீர்க்கும் ஊரில் மிச்சமும் மலையாகத்தானே சேரும்? நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் குப்பை. அதில் பாதிக்குக் குறையாமல் ஈரக் குப்பை: சமையலறைக் கழிவு, காய்கறிச் சந்தைக் கழிவு, கோயில் பூ, தோட்டத்து இலை தழை.

மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் 2016-ல் 25-வது இடத்தில் இருந்த இந்தூர், 2017-ல் முதலிடத்துக்குத் தாவியது. பிறகு அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2023-ம் ஆண்டுப் பட்டியலில் மட்டும் சூரத்தோடு பகிர்ந்துகொண்டது. 2025 ஜூலையில் வெளியான பட்டியலில் இப்படித் தொடர்ந்து முன்னணியில் நிற்கும் நகரங்களுக்கென்றே தனி வரிசை உண்டாக்கி, இந்தூரை அதில் ஏற்றிவிட்டார்கள். இது ஊருக்கே தெரிந்த பெருமை. தெரியாத பெருமை ஒன்று உண்டு. மட்கு உரம் செய்யும் தோட்டக்காரர்கள் பலருக்கு, அவர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், 'இந்தூர் முறை' என்றால் தெரியும். அது ஓர் ஊரின் பெயர் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

விவசாயிகளே பேராசிரியர்கள்

அந்தக் கதை 1905-ல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஆல்பர்ட் ஹோவர்ட், அந்த ஆண்டு பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு அரசுத் தாவரவியலாளராக வந்து சேர்ந்தார். வந்தது பாடம் சொல்லிக்கொடுக்க. ஆனால், பூசாவைச் சுற்றியிருந்த விவசாயிகளின் வயல்களைப் பார்த்ததும் அவருக்கு ஐயம் வந்துவிட்டது. பூச்சிமருந்தும் இல்லை, ரசாயன உரமும் இல்லை. பயிர் மட்டும் திடமாக நின்றது. அந்த விவசாயிகளையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தன்னுடைய பேராசிரியர்களாக வைத்துக்கொண்டதாகப் பின்னால் அவர் எழுதினார். அவர் மனைவி கேப்ரியேலும் தாவர விஞ்ஞானி. ஆராய்ச்சியில் இருவரும் சரிபாதி.

பூசாவில் பயிருக்கு ஒரு துறை, மண்ணுக்கு ஒரு துறை, பூச்சிக்கு ஒரு துறை என்று பிரிந்து கிடந்தது ஹோவர்டுக்கு ஒத்துவரவில்லை. விதையிலிருந்து அறுவடை வரை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றார். 1924-ல் இந்தூரில் தாவரத் தொழில் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது அப்படித்தான். பணம் இந்திய மத்தியப் பருத்திக் குழுவிடமிருந்தும் மத்திய இந்திய, ராஜபுதன சமஸ்தானங்களிடமிருந்தும் வந்தது. சுமார் 300 ஏக்கர் நிலத்தை ஹோல்கர் சமஸ்தானம் கொடுத்தது. மால்வா பீடபூமியின் கரிசல் மண். மழையில் சேறாகும், வெயிலில் வெடிக்கும்.

பருத்திக்காக வந்தவர் குப்பையில் இறங்கினார். பருத்தி மாறு, களை, கரும்புச் சோகை, உதிர்ந்த இலை என்று நிலையத்தில் விழுந்த எதையும் எரிக்க விடவில்லை. கடினமான தண்டுகளை வண்டிப் பாதையில் பரப்பினார்கள். போகிற வருகிற மாட்டு வண்டிகளின் சக்கரம் அதை நொறுக்கிக் கொடுத்தது. நொறுங்கியதைத் தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாகப் போட்டார்கள். மறுநாள் அது சாணமும் மூத்திரமும் ஊறி எருக்குழிக்குப் போயிற்று. கூடவே மூத்திரம் ஊறிய மண், விறகுச் சாம்பல், முந்தைய குழியிலிருந்து ஒரு கை பழைய உரம். தயிருக்குப் பிரை மோர் விடுகிற மாதிரி.

குழியின் அளவில்தான் சூட்சுமம். நீளம் 30 அடி, அகலம் 14 அடி. ஆழம் மட்டும் 2 அடி. காரணம் காற்று. குப்பையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களில் காற்று வேண்டியவை ஒரு ரகம், வேண்டாதவை இன்னொரு ரகம். காற்று கிடைத்தால் முதல் ரகம் வேலை செய்யும், குவியல் உள்ளே கொதிக்கும், களை விதையும் நோய்க்கிருமியும் அந்தச் சூட்டில் சாகும், நாற்றம் இருக்காது. காற்று போகாமல் அமுங்கினால் இரண்டாவது ரகம் வரும். குவியல் அழுகும், நாறும், ஈ மொய்க்கும். எனவே ஆழம் குறைவு. மூன்று தடவை புரட்டல். மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த காட்டு மண் வாசனையோடு உரம் தயார். நாற்பது உழவு மாடுகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 வண்டி உரம் எடுத்தார்கள்.

இன்னொரு சூட்சுமம் கலவை. ஒரு பங்கு சாணச் சரக்குக்கு மூன்று பங்கு இலை தழை. சாணத்திலும் சமையல் கழிவிலும் நைட்ரஜன் அதிகம். காய்ந்த இலையிலும் தண்டிலும் கரி அதிகம். ஒன்றில்லாமல் மற்றொன்று சரிவராது. வெறும் சமையல் கழிவு கூழாகி நாறும். வெறும் சருகு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் உரம்.

1931-ல் ஹோவர்டும் நிலையத்தின் ரசாயன விஞ்ஞானி யஷ்வந்த் வாடும் சேர்ந்து இதைப் புத்தகமாக்கினார்கள். அதே ஆண்டு ஹோவர்ட் இங்கிலாந்து திரும்பினார். கேப்ரியேல் முந்திய ஆண்டே இறந்துவிட்டிருந்தார். தன் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் ஊரின் பெயரால் அந்த முறை வழங்கும்படி ஹோவர்ட் பார்த்துக்கொண்டார். தேயிலைத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் அதை எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் 1942-ல் ரோடேல் தொடங்கிய இயற்கை வேளாண்மைப் பத்திரிகை ஹோவர்டைத் துணை ஆசிரியராக அறிவித்துக்கொண்டது.

வயலிலிருந்து தெருவுக்கு

தோட்டத்தில் முடிந்தது நகரத்தில் முடியாதா? ஹோவர்ட் போன பிறகு ஜாக்சனும் வாடும் அதைச் செய்து பார்த்தார்கள். மனிதக் குடியிருப்புக் கழிவை இந்தூர் முறையில் உரமாக்குவது பற்றி அவர்களுடைய அறிக்கை 1934-ல் வெளிவந்தது. தெருக்குப்பையும் மலமும் அடுக்கடுக்காகக் குழியில் போகும், புரட்டப்படும், உரமாகும். 1935 ஏப்ரலில் இந்தி சாகித்ய சம்மேளனத்துக்குத் தலைமை வகிக்க இந்தூர் வந்த காந்தி, இந்த நிலையத்துக்கும் போய்ப் பார்த்தார். அந்த ஆண்டே 'ஹரிஜன்' வாசகர்களுக்கு இந்தூர் முறை அறிமுகமாயிற்று. 1939-ல் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆசார்யா, புரட்டவே தேவையில்லாத மூடுகுழி முறையைக் கண்டுபிடித்தார். அது 'பெங்களூர் முறை' ஆயிற்று.

இந்த வரலாற்றின் அடியில் ஒரு கசப்பும் உண்டு. குழிக்கு மலம் சுமந்து வந்தவர்களும், அதைப் புரட்டியவர்களும் யார்? பிறப்பின் பெயரால் அந்த வேலையில் பூட்டப்பட்டவர்கள். விஞ்ஞானிகள் செல்வம் என்று சொன்னதைச் சுமந்தவர்களுக்கு அது செல்வமாகவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்ய முதல் சட்டம் வந்தது 1993-ல். கடுமையான சட்டம் 2013-ல். நகரத்துக் குப்பையை உரமாக்குவோம் என்று பேசும் எவரும் அதை யார் கை தொடப்போகிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு நகரக் குப்பையே மாறியது. பிளாஸ்டிக் வந்தது, பேட்டரி வந்தது, டியூப் லைட் வந்தது. 1970-களில் மத்திய அரசின் உதவியோடு பெங்களூர், பரோடா, ஜெய்ப்பூர், கான்பூர் போன்ற நகரங்களில் இயந்திர உரத் தொழிற்சாலைகள் எழுந்தன. பெரிய பெல்ட், பெரிய சல்லடை. உள்ளே போனது மட்டும் கலந்த குப்பை. வெளியே வந்த உரத்தில் கண்ணாடிச் சில்லும் பாலித்தீன் துணுக்கும் மின்னின. வெறுங்காலோடு வயலில் இறங்குகிற விவசாயி அதை ஏன் வாங்குவான்? பெரும்பாலான ஆலைகள் ஒவ்வொன்றாக முடங்கின.

கண்ணுக்குத் தெரிவதைச் சலித்துவிடலாம். தெரியாததை என்ன செய்வது? போபாலில் உள்ள இந்திய மண் அறிவியல் நிலையத்தின் விஞ்ஞானிகள் 29 நகரங்களின் குப்பை உரத்தைச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். கலந்த குப்பையில் செய்த உரத்தில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் அதிகம், சத்து குறைவு. வீட்டிலேயே பிரித்த கழிவில் செய்த உரத்தில் உலோகம் வெகுவாகக் குறைந்திருந்தது. உரத்தின் தரம் ஆலையில் தீர்மானமாவதில்லை, அடுப்படியில் தீர்மானமாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தேவ்குராடியா மலை

இந்தூரும் மற்ற ஊர்களைப் போலத்தான் இருந்தது. நேமாவர் சாலையில் தேவ்குராடியா என்ற இடம். அருகே சிவன் கோயில் உள்ள குன்று. இன்னொரு குன்றை மாநகராட்சி உண்டாக்கியது. 'ட்ரெஞ்சிங் கிரவுண்ட்' என்று ஊரார் சொல்லும் அந்த 100 ஏக்கரில் பல்லாண்டுக் குப்பை குவிந்து கிடந்தது. கோடையில் தீப்பிடிக்கும், புகை சுற்றுவட்டாரக் குடியிருப்புகளை மூடும். மழையில் கறுப்புத் தண்ணீர் மண்ணில் இறங்கும்.

நாட்டின் குப்பை மேடுகளுக்கு எதிராக அல்மித்ரா படேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கின் விளைவாக 2000-ல் நகரக் குப்பை விதிகள் வந்தன. அவற்றின் இடத்தில் வந்த 2016 விதிகள் வீட்டிலேயே பிரிப்பதைக் கட்டாயமாக்கின. விதி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். இந்தூர் அதைச் செய்து காட்டியதில்தான் வித்தியாசம்.

2016-ல் மாநகராட்சி முதலில் இரண்டு வார்டுகளில் ஒத்திகை பார்த்தது. வீட்டு வாசலுக்கே வண்டி, குறித்த நேரத்தில். அது பிடிபட்டதும் அடுத்த வார்டு. 2017-க்குள் 85 வார்டுகளுக்கும் வண்டி போயிற்று. தெருவோரக் குப்பைத் தொட்டிகளையே எடுத்துவிட்டார்கள். தொட்டி இருந்தால்தானே கலந்து கொட்டத் தோன்றும்? இந்த ஏற்பாட்டை ஆணையர் மணிஷ் சிங் நடத்தினார். அவருக்குப் பின் வந்த ஆஷிஷ் சிங் காலத்தில், 2018-ல், தேவ்குராடியா மலையைக் கரைத்தார்கள். 13 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பழைய குப்பை. தனியாருக்கு மொத்தக் குத்தகை விடாமல் இயந்திரங்களை மட்டும் வாடகைக்கு எடுத்து, இரவு பகலாகச் சலித்து, மண் ஒருபக்கம், பிளாஸ்டிக் ஒருபக்கம், கல் ஒருபக்கம் என்று பிரித்தார்கள். நிலம் மீண்டது. இப்போது அங்கே மரங்கள் நிற்கின்றன.

அதே தேவ்குராடியாவில் 2022 பிப்ரவரி 19 அன்று பிரதமர் மோடி காணொளி மூலம் திறந்துவைத்த ஆலைதான் இன்றைய இந்தூரின் காட்சிப் பொருள். நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையை வாங்கிக்கொள்ளும் திறன். காற்றுப் புகாத பெரிய உருளைகளுக்குள் கழிவு கூழாகி நொதிக்கிறது. கிடைக்கும் வாயுவைச் சுத்தம் செய்தால் வண்டி ஓட்டும் எரிவாயு. முழுத் திறனில் நாளுக்கு 17,000 கிலோ. நகரப் பேருந்துகள் அதில் ஓடுகின்றன. நொதித்து முடிந்த சக்கை உரமாகிறது. அது நாளுக்கு 100 டன். தனியார் முதலீட்டில் நடக்கும் இந்த ஆலை மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறது. குப்பையை அகற்றக் காசு கொடுத்துப் பழகிய ஊர்களுக்கு இது புதுமை.

பெரிய ஆலை வந்ததால் சிறிய குழிகள் மூடப்படவில்லை. மாநகராட்சிப் பூங்காக்களின் மூலையில் செங்கல் தொட்டிகள் இருக்கின்றன. பூங்காவின் சருகு அங்கேயே மட்கி, அந்தச் செடிகளுக்கே போகிறது. கஜ்ரானா விநாயகர் கோயிலில் சாத்திய மாலைகள் உரமாகின்றன. ஹோவர்ட் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார்.

சருகு யாருக்கு?

ஆனால் அவர் புருவத்தை உயர்த்தும் இடமும் உண்டு. மரக்கிளை, தழை, சருகு என்று நகரத்தில் நாளுக்குச் சுமார் 30 டன் சேர்கிறது. இலையுதிர் காலத்தில் 60, 70 டன். இதற்கென்று பிச்சோலி ஹப்சியில் தனியார் கூட்டில் ஓர் ஆலை அமைத்திருப்பதாக 2025-ல் அறிவிப்பு வந்தது. கிளைகளைக் காயவைத்துத் தூளாக்கி, அழுத்தி, நிலக்கரிக்குப் பதில் எரிக்கும் கட்டிகளாக்குவது திட்டம். கொடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் மாநகராட்சிக்குச் சுமார் 3,000 ரூபாய்.

பெரிய கிளை சுலபத்தில் மட்காது. அதைக் கட்டியாக்குவதில் குற்றமில்லை. நிலக்கரி மிச்சமாவதும் நல்லதே. ஆனால் இலைக்கும் அதே வழி என்றால் கணக்கு வேறு. சமையல் கழிவு ஒரு திசையில் வாயுவாகப் போகிறது. சருகு இன்னொரு திசையில் நெருப்புக்குப் போகிறது. ஒன்றுக்கொன்று துணையாக ஒரே குழியில் படுத்த இரண்டும் இப்போது தனித்தனித் தொழில். கரி வானத்துக்குப் போனால் மண்ணுக்கு என்ன மிஞ்சும்?

மிஞ்சும் உரத்துக்கும் வழி எளிதல்ல. கணக்கு விவசாயியின் கையில் இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை, மானியம் போக, 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதில் 20 கிலோ நைட்ரஜன். நகர உரத்தில் நைட்ரஜன் நூற்றுக்கு ஒன்று என்று தாராளமாக வைத்தாலும், அதே 20 கிலோவுக்கு 2 டன் உரம் வேண்டும். அதை ஏற்ற, இறக்க, வயலில் இறைக்க ஆள், டிராக்டர், டீசல். 2016-ல் மத்திய அரசு நகர உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் விற்பனை உதவி அறிவித்தது. 2023-ல் எரிவாயு ஆலைகளின் உரத்துக்கும் அதே தொகை. வண்டி வாடகைக்கே அது காணாது என்று சொல்லும்படி வயல் தூரத்தில் இருக்கிறது.

யூரியா தராத ஒன்றை மட்கு தருகிறது. கரிசல் மண்ணை அது பொலபொலப்பாக்குகிறது, தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, மண்புழுவைக் கூப்பிடுகிறது. ஆனால் அதற்குச் சந்தையில் விலைச்சீட்டு இல்லை. சோயாபீன்ஸ் விலை சரிந்த ஆண்டில் மால்வா விவசாயியிடம் போய் அடுத்த தலைமுறையின் மண்ணைப் பற்றிப் பேசுவது சுலபமில்லை. நகரம் தன் குப்பையைப் பிரிக்கக் கற்றுக்கொண்டது, கணக்கு தெளிவாக இருந்ததால்: வண்டி வரும், வாங்கும், தெரு சுத்தமாகும். வயலுக்கும் அப்படி ஒரு தெளிவான கணக்கை யாராவது போட்டுக் கொடுக்க வேண்டும். யூரியாவுக்குத் தரும் மானியத்தில் ஒரு சிறு பங்காவது உரத்தை வயல்வரை கொண்டுபோகும் செலவுக்குத் திரும்பினால் கணக்கு மாறும்.

ஹோவர்டின் நிலையம் இன்று வேளாண்மைக் கல்லூரி. ஊரின் ஓரத்தில் இருந்த நிலம், ஊர் வளர்ந்ததில் நடுவில் மாட்டிக்கொண்டது. சுற்றிலும் அடுக்குமாடி, ஆஸ்பத்திரி, கடைவீதி. ஏக்கர் என்ன விலை போகும் என்று தரகர்கள் மனக்கணக்குப் போடும் இடம். 2022-ல் அந்த நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்கும் யோசனை எழுந்தபோது மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து வாரக்கணக்கில் போராடினார்கள். பல்லாண்டாக ஆராய்ச்சி நடந்த மண்ணை வேறிடத்தில் வாங்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதம் கல்லூரி நிலத்துக்கு மட்டுமானதல்ல. தேவ்குராடியாவில் சேரும் உரத்துக்கும் பொருந்தும். இந்தூர் தட்டில் விழும் கோதுமையும் வெங்காயமும் நகரத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நாள்தோறும் லாரி லாரியாக உள்ளே வருகின்றன. திரும்பிப் போகும்போது பல லாரிகளில் சுமை இல்லை. ஆலையின் 100 டன் அவற்றில் ஏறினால் இந்தூர் முறை முழுமையாகும். அதுவரை, சுத்தமான நகரம் என்ற பெயர் இந்தூருக்கு. கடன் பாக்கி மால்வா மண்ணுக்கு.